வாக்கில்லா வலிமை: புதுவைப் பல்கலைக்கழகத்தில் வலதுசாரி மாணவர் அரசியல்

2024 மார்ச் 29ஆம் தேதி, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை நடத்திய 'எழினி' விழாவில் 'சோமாயணம்' என்ற நாடகம் மேடையேறியது. இராமாயணக் கதையைத் தழுவி, பாத்திரங்களின் பெயரை மாற்றி ஆடப்பட்ட நாடகம் அது. சீதை அதில் கீதா; இராவணன் பாவனா; அனுமன் காஞ்சனேயா. சீதையை நினைவூட்டும் பாத்திரம் மாட்டிறைச்சி கொடுப்பதாகவும், இராவணனோடு நடனமாடுவதாகவும், அனுமனின் வால் கேலிப்பொருளாக்கப்பட்டதாகவும் சொல்லி அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் என்னும் ஏபிவிபி கொதித்தெழுந்தது. வளாகத்தில் போராட்டம், நிர்வாகத்திடம் புகார், காலாப்பட்டுக் காவல் நிலையத்தில் வழக்கு, விசாரணைக் குழு, துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டிய நிலை என்று அடுத்தடுத்து நடந்தன.

நாடகம் தேர்ந்ததா, தேறாததா என்பது தனிப் பேச்சு. மாணவர் நாடகங்களில் பாதி பக்குவப்படாதவையாகத்தான் இருக்கும். பழகுவதற்குத்தானே பல்கலைக்கழகத்தில் மேடை இருக்கிறது. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த வளாகத்தில் ஏபிவிபி பெரும்பான்மை பெற்ற அமைப்பு அன்று. 2019 மாணவர் பேரவைத் தேர்தலில் இடதுசாரி மாணவர் அமைப்பான எஸ்எஃப்ஐ தலைமையிலான அணிதான் வென்றது. அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் கலந்துகொண்ட பட்டமளிப்பு விழாவைக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் புறக்கணிப்பதாக மாணவர் பேரவை அறிவித்தது. மாணவி ஒருவர் தமக்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தை வாங்க மறுத்தார். இப்படிப்பட்ட ஒரு வளாகத்தில், வாக்கால் வெல்லாத ஓர் அமைப்பால் ஒரு துறையையே சில நாள்களில் நிலைகுலையச் செய்ய முடிந்தது எப்படி?

அவர்களின் வலிமை வாக்குப் பெட்டியிலிருந்து வரவில்லை, மனுவிலிருந்து வருகிறது என்பதே நான் கண்ட விடை. அந்த மனுவைக் கண்டதும் நிர்வாகம் ஏன் வளைந்துகொடுக்கிறது என்பதைத்தான் புதுவையிலும் தமிழ்நாட்டிலும் நாம் முதலில் ஆராய வேண்டும்.

காலாப்பட்டில் நடந்தது தனி நிகழ்ச்சியன்று. 2024 ஜனவரி 22இல் அயோத்தியில் கோயில் குடமுழுக்கு நடந்தது. பிப்ரவரி 2ஆம் தேதி புனே பல்கலைக்கழகத்தின் லலித் கலா கேந்திரத்தில், இராமலீலா நடிகர்களின் திரைமறைவு வாழ்க்கையைக் காட்டிய மாணவர் நாடகத்தை ஏபிவிபியினர் நடுவில் நிறுத்தினார்கள். துறைத் தலைவரும் ஐந்து மாணவர்களும் கைதானார்கள். மார்ச் 31ஆம் தேதி மும்பை ஐஐடியில் 'ராஹோவன்' என்ற நாடகம் நடந்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் புகார் கொடுக்க, நடித்தவர்களில் சிலருக்கு 1.2 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டு மாதத்திற்குள் மூன்று ஊர்களில் மூன்று மாணவர் நாடகங்கள். மூன்றிலும் தண்டனை வழங்கியது மக்கள் கூட்டமன்று, கல்வி நிறுவனமும் காவல்துறையும். இதைக் கவனிக்காமல் "மதவாதக் கும்பல்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம்.

'சோமாயணம்' நடந்த இடத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு வலி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது. அதை உருவாக்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர் இந்திரா பார்த்தசாரதி. சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பரில் உயிர்நீத்தது இதே புதுவையில். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவருடைய நாடகங்களில் 'சதி சுலோசனா'வும் ஒன்று. இந்திரஜித்தின் மனைவி சுலோசனாவை நாயகியாக்கிய நாடகம். இராமனின் வெற்றியை அரக்கர் வீட்டுப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்க்க வைத்த அந்தப் படைப்பை, பக்தி மிகுந்த ஒரு சமூகம் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் தேவர்களையும் அரசர்களையும் கிண்டலடிக்காமல் ஓர் இரவு நகராது. கம்பனும் வான்மீகி சொன்னபடியே சொல்லிவிடவில்லை. இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிச் சென்றதாக வான்மீகி சொல்ல, கம்பன் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துச் சென்றதாக மாற்றிக்கொண்டான். அந்தக் கம்பனுக்குப் புதுவையில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். இன்னொரு புறம், இராவணனையே நாயகனாக்கிப் புலவர் குழந்தை எழுதிய 'இராவண காவியம்' 1946இல் வந்தது. 1948இல் அன்றைய சென்னை அரசால் தடைசெய்யப்பட்டது. 1971இல்தான் தடை நீங்கியது. ஆகவே இராமாயணத்தைத் திருப்பிச் சொல்வதும், அதன்மேல் சண்டை போடுவதும், அரசு தலையிடுவதும் தமிழுக்குப் புதிதில்லை. புகார் கொடுப்பவர் கல்லூரி மாணவராகவும், அதை ஏற்றுக்கொள்பவர் துணைவேந்தராகவும் இருப்பதுதான் புதிது.

இந்த மனு அரசியலுக்குத் தொடக்கம் எது என்று தேடினால் டெல்லிக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏ.கே. ராமானுஜன் எழுதிய 'முந்நூறு இராமாயணங்கள்' என்ற கட்டுரை டெல்லிப் பல்கலைக்கழக வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. கம்பன், சமண மரபு, தாய்லாந்து மரபு என்று பல இராமாயணங்களை அருகருகே வைத்துப் பேசும் கட்டுரை அது. 2008 பிப்ரவரியில் ஏபிவிபியினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருள்களை உடைத்தார்கள். விவகாரம் நீதிமன்றம் சென்று, நான்கு வல்லுநர்கள் கொண்ட குழு கருத்துச் சொன்னது. மூவர் கட்டுரை இருக்கலாம் என்றார்கள், ஒருவர் மறுத்தார். 2011 அக்டோபரில் கல்விப் பேரவை கட்டுரையை நீக்கியது. அப்போது மத்தியில் ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வல்லுநர்களின் கருத்தைவிட ஒருவரின் தயக்கமும் தெருவின் சத்தமும் கனமாகிப் போயின.

அதற்குப் பிறகு உடைப்பதற்கான தேவையே குறைந்துவிட்டது; கடிதம் போதுமானதாயிற்று. 2015இல் சென்னை ஐஐடியின் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின்மீது மத்திய அமைச்சகத்திற்குப் பெயரில்லாத ஒரு புகார் போனது. அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. மே மாதம் அமைப்பின் அங்கீகாரம் ரத்தானது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஜூனில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. எழுதியவர் யாரென்றே தெரியாத கடிதம் அது. எந்த அமைப்பின் தலையிலும் அதைப் போட முடியாது. ஆனாலும் வேலையை முடித்துவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்கும் ஏபிவிபிக்கும் ஏற்பட்ட மோதல் மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயாவின் கடிதமாக மாறி மனிதவள அமைச்சகத்திற்குச் சென்றது. அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு நினைவூட்டல்கள் வந்துகொண்டே இருந்தன. ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோகித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு மாணவர் குழுக்களுக்கிடையே நடந்த ஒரு வாய்ச்சண்டை, வளாகத்துக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒன்று, அலுவலகப் படிகளில் ஏறி ஏறி ஓர் உயிரின் விலைக்குப் போனது. இதை எழுதும்போது இன்றும் மனம் பதறுகிறது.

திருநெல்வேலியில் 2020 நவம்பரில் நடந்தது ஒப்புநோக்கச் சத்தமில்லாதது, அதனாலேயே கவனிக்கத்தக்கது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முதுகலை ஆங்கிலப் பாடத்தில் மாவோயிஸ்டுகளுடன் பயணம் செய்ததைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூல் இருந்தது. ஏபிவிபி எதிர்ப்புத் தெரிவித்தது. பல்கலைக்கழகம் நூலை நீக்கி, அந்த இடத்தில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பை வைத்தது. மா. கிருஷ்ணன் மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. அவருடைய எழுத்து பாடமாவது நல்லதுதான். ஆனால் அவர் உள்ளே வந்த வழி சரியில்லை. ஒரு நூலைப் பாடமாக்குவதற்குப் பாடத்திட்டக் குழு, கல்விப் பேரவை என்று நடைமுறை இருக்கிறது. எடுப்பதற்கு ஒரு மனு போதும் என்றால் அந்த நடைமுறையால் என்ன பயன்? தமிழ்நாட்டில் அப்போதும் ஆட்சியில் இருந்தது பாரதிய ஜனதா இல்லை.

காலாப்பட்டில் 'சோமாயண'த்துக்கு முன்பே இரண்டு முறை இந்த ஒத்திகை நடந்திருக்கிறது. 2019இல் மாணவர் பேரவை 'விடர்ஸ்டாண்ட்' என்ற பெயரில் ஆண்டு மலர் வெளியிட்டது. தேசவிரோதக் கருத்துகளும் மத நிந்தனையும் உள்ளதாக ஏபிவிபி போராடியது. நிர்வாகம் மலரின் விநியோகத்தை நிறுத்தியது. தேர்தலில் வென்ற பேரவை அச்சிட்ட மலர், தேர்தலில் தோற்ற அமைப்பின் எதிர்ப்பால் முடங்கியது. 2023 ஜனவரியில் குஜராத் கலவரம் பற்றிய பிபிசி ஆவணப்படத்தைத் திரையிட மாணவர்கள் முனைந்தபோது வளாகத்தில் மின்சாரமும் இணையமும் துண்டிக்கப்பட்டன. மடிக்கணினியிலும் கைபேசியிலும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். எதிரே ஏபிவிபியினர் கோஷமிட்டார்கள். அந்தக் கோஷத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. பிடிக்காத படத்துக்கு எதிராகக் கோஷம் போடுவது மாணவர் உரிமை. விளக்கை அணைத்ததுதான் தவறு.

ஏபிவிபி என்பது என்ன மாதிரியான அமைப்பு என்று தெரிந்துகொண்டால்தான் இந்த முறை ஏன் அவர்களுக்கு இவ்வளவு இயல்பாக வருகிறது என்பது விளங்கும். காந்தி கொலைக்குப் பிறகு ஆர்எஸ்எஸ் தடைசெய்யப்பட்டிருந்த 1948இல், டெல்லியில் பல்ராஜ் மதோக் போன்றோரின் முயற்சியில் அது தோன்றியது. 1949 ஜூலை 9இல் பதிவாயிற்று. அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் மும்பையில் கல்லூரி ஆசிரியராக இருந்த யஷ்வந்த்ராவ் கேல்கர். எந்தக் கட்சியின் மாணவர் அணியும் அன்று என்பது அவர்கள் சொல்லிக்கொள்வது. முறைப்படி அது சரி. ஆர்எஸ்எஸ் குடும்பத்தில் பாரதிய ஜனதாவும் ஏபிவிபியும் உடன்பிறப்புகள், தாயும் பிள்ளையும் இல்லை. ஆசிரியர்களும் அதில் உறுப்பினர்கள் என்பதுதான் மற்ற மாணவர் அமைப்புகளிலிருந்து அதைப் பிரிக்கும் முக்கியமான வேறுபாடு. அகில இந்தியத் தலைவர் வழக்கமாக ஓர் ஆசிரியர். பொதுச் செயலாளர் இளைஞர். இருவருக்கும் பின்னால் அமைப்புச் செயலாளர் என்ற முழுநேர ஊழியர். மாணவர் வருவார், மூன்றாண்டில் போய்விடுவார். ஆசிரியரும் ஊழியரும் தங்குவார்கள். தேர்தலில் தோற்றாலும் அமைப்பு கலையாது. ஒரு மனு அலுவலகத்துக்குள் நுழையும்போது, அதை ஆதரித்துப் பேச உள்ளேயே ஒருவர் இருக்கக்கூடும்.

வெளிநாட்டிலும் இந்தப் பாடம் தெரிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய 'விடுதலைக்கான இளம் அமெரிக்கர்கள்' என்ற வலதுசாரி மாணவர் அமைப்பு, 1964இல் பேரி கோல்ட்வாட்டருக்காக உழைத்துப் படுதோல்வி கண்டது. அந்தத் தோல்வியில் பயிற்சி பெற்ற தலைமுறைதான் 1980இல் ரீகனின் வெற்றிக்குத் தோள் கொடுத்தது. இதற்கு நேர்மாறான பாதையும் உண்டு. பாரிசில் அசாஸ் சட்டக் கல்லூரியை மையமாக வைத்து 1968இல் உருவான குட் என்ற தீவிர வலதுசாரி மாணவர் குழு தெருச் சண்டைக்கே பெயர் பெற்றது. 2024 ஜூனில் பிரெஞ்சு அரசு அதைக் கலைத்தது. ஏபிவிபி இரண்டையும் அறிந்த அமைப்பு. டெல்லி வரலாற்றுத் துறையில் கண்டது ஒரு முகம். மற்றது பொறுமையாக ஆளை வளர்க்கும் முகம்: 1974இல் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராகி, நெருக்கடி நிலையில் சிறை சென்ற அருண் ஜேட்லி, ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வெங்கையா நாயுடு, 1996இல் அதே டெல்லிச் சங்கத்துக்குத் தலைவராகி 2025இல் டெல்லி முதல்வரான ரேகா குப்தா. ஒரு மாணவர் அமைப்பு இத்தனை பேரை உருவாக்கியிருக்கிறது என்றால் அதை ஏளனத்தால் எதிர்கொள்ள முடியாது.

புதுவையில் மட்டும் இந்தப் பாதை வேறு மாதிரி போயிருக்கிறது. அதற்கு நான் இருக்கும் நெல்லித்தோப்பே சான்று. 2016 தேர்தலில் புதுவைச் சட்டமன்றத்தில் பாரதிய ஜனதாவுக்கு ஓரிடமும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில், காங்கிரஸின் ஜான்குமார் விட்டுக்கொடுத்த நெல்லித்தோப்பில் இடைத்தேர்தல் நடந்து முதல்வர் நாராயணசாமி வென்றார். 2021இல் அதே நெல்லித்தோப்பு பாரதிய ஜனதாவின் வசமானது. வென்றவர் ஜான்குமாரின் மகன் ரிச்சர்ட்ஸ். ஜான்குமார் காமராஜ் நகரில் அதே கட்சியின் சின்னத்தில் வென்றார். பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுத் தொகுதியும் அந்தத் தேர்தலில் பாரதிய ஜனதாவுக்கே போனது. மொத்தம் ஆறு இடங்கள். வென்றவர்களில் நமச்சிவாயம், ஜான்குமார் போன்றோர் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை காங்கிரஸ்காரர்கள். நமச்சிவாயம் உள்துறையோடு கல்வித் துறைக்கும் அமைச்சரானார். 2024 மக்களவைத் தேர்தலில் நின்று, காங்கிரஸின் வைத்திலிங்கத்திடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார்.

டெல்லியில் வளாகம் கட்சிக்கு ஆள் கொடுத்தது. புதுவையில் கட்சி ஆளைக் கடைத்தெருவிலும் குடும்பச் செல்வாக்கிலும் எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 15 அன்று ஒரு பக்கம் தேசியக் கொடி ஏற, மறுபக்கம் விண்ணேற்பு அன்னை ஆலயத் திருவிழாக் கூட்டம் நிறைந்திருக்கும் நெல்லித்தோப்பில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை தாமரைச் சின்னத்தில் நின்று வெல்ல முடிந்தது. இங்கே வாக்களித்தவர்கள் சித்தாந்தத்துக்கு வாக்களிக்கவில்லை. காலாப்பட்டு வளாகத்தில் கோஷமிடும் ஏபிவிபி மாணவரோ சித்தாந்தத்தால் வந்தவர். மார்க்கெட்டில் மீன் வாங்க வரும் சாதாரண நெல்லித்தோப்புக்காரருக்கு அந்த மாணவரைத் தெரியாது. அந்த மாணவருக்கு இந்த ஊரைத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இருவரையும் சேர்த்துப் "புதுவையில் வலதுசாரி எழுச்சி" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது ஆராய்ச்சியாகாது.

வளாகத்துக்கும் ஊருக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம் அது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள், கேரளத்திலிருந்து மிகுதி. குறிப்பிட்ட பாடப்பிரிவுகளில் மட்டும் உள்ளூர் மாணவர்க்கு 25 சதவீத இடம் உண்டு; எல்லாப் பிரிவுகளுக்கும் அதை விரிவாக்கக் கேட்டு இங்குள்ளோர் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். இந்தச் சூழலில் வளாக அரசியல் பெரும்பாலும் கேரளத்துச் சண்டையின் நீட்சியாகவே நடக்கிறது. அந்தச் சண்டையில் வலதுசாரி மாணவர்களுக்கும் காயங்கள் உண்டு. 1996 செப்டம்பரில் பருமலையில் மூன்று ஏபிவிபி மாணவர்கள் பம்பை ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். எஸ்எஃப்ஐயினர் துரத்தியதால்தான் ஆற்றில் இறங்கினார்கள் என்பது ஏபிவிபியின் குற்றச்சாட்டு. கேரளத்தில் பல கல்லூரிகளில் எஸ்எஃப்ஐயைத் தவிர வேறு கொடி ஏறவே விடப்படுவதில்லை என்று மற்ற அமைப்புகள் சொல்லும் புகாரில் உண்மை இருக்கிறது. ஒற்றைக் கொடி வளாகத்திலிருந்து வரும் ஒரு மாணவர், காவி என்பது அடக்குமுறைக்கு எதிரான நிறம் என்று உளமாற நம்பக்கூடும். இடதுசாரி நண்பர்கள் இதைக் கேட்டுக் கோபிப்பார்கள். கோபித்தாலும் யோசிக்க வேண்டும்.

யார் சேர்கிறார்கள், ஏன் சேர்கிறார்கள் என்ற கேள்விக்கு "மூளைச்சலவை" என்ற ஒரே பதில் வைத்திருப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிய ஊருக்கு வந்து இறங்கும் முதல் தலைமுறை மாணவருக்குச் சேர்க்கைப் படிவம் நிரப்ப, விடுதி அறை பிடிக்க, சான்றிதழ் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்த பிறகு அந்தத் தேவை இரட்டிப்பாயிற்று. உதவி மேசை போட்டு முதல் நாள் பேசுகிற அமைப்புக்கு அந்த மாணவர் கடன்பட்டவராகிறார். வடகிழக்கு மாநில மாணவர்களைப் பிற மாநில வீடுகளில் தங்கவைத்துப் பழகச் செய்யும் திட்டத்தை 1966 முதல் ஏபிவிபி நடத்திவருகிறது. அன்பு, அறிமுகம், ஒரு பெரிய நாட்டில் தனக்கும் இடமுண்டு என்ற உணர்வு, இவற்றை இளைஞர் தேடுவது குற்றமில்லை. அந்த உணர்வு எப்போது பக்கத்து அறை மாணவரைத் தேசவிரோதி என்று பட்டியலிடத் தொடங்குகிறதோ, அப்போதுதான் அதை எதிர்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டின் பொறுப்பு என்ன என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1965இல் இந்தி எதிர்ப்புப் போரை நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். அந்தப் போரில் தலைவராக வளர்ந்த பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். மாணவர் தோளில் ஏறி வந்த ஆட்சி, சில ஆண்டுகளிலேயே மாணவர் கூட்டத்தைக் கண்டு அஞ்சத் தொடங்கியது. 1971இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், முதல்வர் கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியதையொட்டி எழுந்த போராட்டத்தில் ஒரு மாணவர் உயிரிழந்தார். அதற்குப் பிறகு வந்த இரண்டு திராவிடக் கட்சிகளின் ஆட்சிகளிலும் வளாகங்கள் அடங்கிப்போயின. பெரும்பாலான கல்லூரிகளில் இன்று மாணவர் தேர்தல் என்ற ஒன்றே கிடையாது. ஒழுங்கு காக்கிறோம் என்று எண்ணினார்கள். நடந்தது என்னவென்றால், எந்தக் கருத்துக்கு எத்தனை மாணவர் ஆதரவு என்று அளக்கும் கருவி இல்லாமல் போயிற்று. அளவு தெரியாத இடத்தில் ஐம்பது பேர் கையெழுத்திட்ட மனுவும் ஐயாயிரம் பேரின் குரலாகத் தோன்றும். மௌனமான வளாகம் ஜனநாயகவாதிகளைவிட மனு எழுதுவோருக்கே வசதியானது.

பள்ளிகளில் மனுவும் தேவைப்படவில்லை. புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் உயர்வகுப்புகளிலும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் போய் என்சிஇஆர்டி நூல்கள் வந்தன. சரியாக அந்த ஆண்டுதான் என்சிஇஆர்டி, சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தையும் 2002 குஜராத் கலவரம் பற்றிய பகுதிகளையும், காந்தி கொலைக்குப் பிறகு ஆர்எஸ்எஸ் தடைசெய்யப்பட்டது பற்றிய வரிகளையும் எடுத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு மலரை நிறுத்த ஊர்வலம் வேண்டியிருந்தது. பள்ளியில் எந்த மாணவர் அமைப்பும் வாய் திறக்காமலேயே பாடம் மாறியது. பாடத்திட்ட மாற்றத்தைப் பற்றிப் புதுவையில் நடந்த விவாதத்தில் பெரும்பகுதி ஆசிரியர் பயிற்சி, தேர்வின் கடினம் பற்றியே இருந்தது. அவையும் முக்கியம்தான். பிள்ளைகள் எந்த வரலாற்றைப் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பேச ஆளில்லாமல் போனதே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாடகம், ஒரு நூல், ஒரு மலர் மீது புகார் வந்தால் அதைப் பாடத்திட்டக் குழு அல்லது துறைக் குழு கேட்க வேண்டும். புகார் கொடுத்தவர் தம் பெயரோடு வர வேண்டும். முடிவு காரணங்களோடு எழுத்தில் வர வேண்டும். விசாரணை முடியும்வரை துறைத் தலைவர் விலகத் தேவையில்லை, மாணவர்மீது காவல் நிலையத்துக்குப் போகவும் தேவையில்லை. புகார் கொடுத்த மாணவர்களையும் அந்தக் குழுவின் முன் உட்கார வைத்து, சீதையைப் பற்றி அவர்களுடைய கருத்து என்ன, கம்பனில் அவர்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்கலாம். அதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. அவர்களில் சிலருக்கு அந்த உரையாடல் வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும்.

இரண்டாவது, தேர்தல். உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட லிங்டோ குழு பரிந்துரைகள் இதற்கு வழி சொல்கின்றன. ஆண்டுதோறும், கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல். ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 5,000 ரூபாய் செலவழிக்கலாம். கட்சிப் பணம் கூடாது. 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே முறைதான் நிற்கலாம். குறைகள் உள்ள ஏற்பாடுதான். அரசியலையே வளாகத்திலிருந்து கழுவிவிடும் எண்ணம் அதில் தெரிகிறது. இருந்தாலும் கையில் இருக்கும் சட்டபூர்வமான வழி அது ஒன்றே. ஹிமாசலப் பிரதேசத்தில் 2014இல் நேரடி மாணவர் தேர்தல் நிறுத்தப்பட்டது. ராஜஸ்தானில் 2023இல் நிறுத்தப்பட்டது. இரண்டு மாநிலங்களிலும் தேர்தலைத் திரும்ப நடத்தக் கேட்டுத் தெருவில் இறங்கியவர்களில் ஏபிவிபியும் உண்டு. சிம்லாவிலும் ஜெய்ப்பூரிலும் அவர்கள் கேட்ட அதே தேர்தலைத்தான் காலாப்பட்டிலும் லாஸ்பேட்டை அரசுக் கல்லூரிகளிலும் சென்னையிலும் திருநெல்வேலியிலும் ஆண்டு தவறாமல் நடத்தச் சொல்கிறேன். அந்தக் கோரிக்கை மனுவில் எஸ்எஃப்ஐ மாணவரும் அம்பேத்கர் சங்க மாணவரும் ஏபிவிபி மாணவரும் சேர்ந்து கையெழுத்திடத் தடையேதும் இல்லை.